யாருக்கும் சொந்தமில்லாத ஒயர்

"என் காருக்குள்ள ஒரு ஒயர் தொங்குது. அத யாரு போட்டதுன்னு எனக்குத் தெரியணும்."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஜெயினம்பு விஷயத்தைச் சொல்லிவிட்டார். அறுபதை நெருங்கும் வயது. தலையில் வெள்ளைத் துப்பட்டா, கையில் கார்ச் சாவி. தல்லாகுளத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்தின் செங்குத்துப் படிகளை ஏறி வந்திருந்தும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

அனந்தலக்ஷ்மி பேனாவை மூடி வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். பல வருஷங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்தில் நொறுங்கிய வண்டிகளைச் சோதித்து அறிக்கை கொடுத்தவர் அவர். இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். ஜன்னலோரம் இருந்த சிவபாண்டி அவருடைய உதவியாளர். மாலைப் பத்திரிகை நிருபர் வேலையை விட்டு வந்தவன். எதையும் தலைப்புச் செய்தியாகவே யோசிக்கிற பழக்கம் மட்டும் அவனை இன்னும் விடவில்லை.

"மெக்கானிக்கைக் கேக்கலாமேம்மா?" என்றான் சிவபாண்டி.

"கேட்டேன். 'நான் போட்டதில்ல, வண்டிய வித்துருங்க'ன்னான். மகனைக் கேட்டேன். அவனும் 'வித்துருங்கம்மா'ன்னான். சொந்தபந்தம் எல்லாம் அதையேதான் சொல்லுது. நான் ஒயரப் பத்திக் கேட்டா இவுங்க விக்கிறதப் பத்திப் பேசுறாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"என்ன வண்டி?" என்று கேட்டார் அனந்தலக்ஷ்மி.

"ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கீழதான் நிக்குது. நானேதான் ஓட்டிட்டு வந்தேன்."

பிறகு நடந்ததையெல்லாம் நிதானமாகச் சொன்னார். அரசுப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் ஷேக் தாவூது ஒரு சாலை விபத்தில் இறந்தபின், மகன் ஷாகிரும் மருமகள் ஃபாயிஸாவும் மகபூப்பாளையம் வீட்டுக்கே குடிவந்துவிட்டார்கள். கணவரின் ஹெரால்டு காரை ஓட்டக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் காலையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"எங்க போவீங்க?"

"எங்கயும் இல்ல. போவேன். எங்கயாவது ஓரங்கட்டி டீ குடிச்சிட்டுத் திரும்பி வருவேன்." சொல்லிவிட்டு, இதற்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா என்பதுபோல இருவரையும் பார்த்தார்.

யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இந்த வருஷம் பெருநாள் முடிந்ததிலிருந்து கார் திடீர் திடீரென்று நின்றுபோக ஆரம்பித்ததாம். டவுனுக்குள் ஒருநாளும் நின்றதில்லை. முதலில் மேலூர் ரோட்டில். அடுத்தது திருமங்கலம் தாண்டி. கடைசியாக, திண்டுக்கல் போகிற நான்குவழிச் சாலையில், வாடிப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜின் அப்படியே செத்துவிட்டது. பின்னால் வந்த லாரி பிரேக் அடித்து, சாலையின் நடுத்திட்டில் ஏறி நின்றது.

"அந்த டிரைவர் கீழ இறங்கி வந்து என்னையத் திட்டல. பக்கத்துல உக்காந்து அழுதான். அது இன்னும் என் கண்ணுல நிக்குது."

"நின்ன வண்டி திரும்ப எப்படி ஓடும்?"

"ஷாகிர் வருவான். பானெட்டத் தூக்கிக் கொஞ்ச நேரம் பாப்பான். அப்புறம் ஒரே சாவிதான், ஸ்டார்ட் ஆயிரும்."

"நீங்க போன் பண்ணி வருவாரா?"

"நான் போன் கொண்டு போறதில்ல. கொண்டு போனா 'எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்க'ன்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். பக்கத்துல யார்கிட்டயாவது வாங்கிப் பேசுவேன். வாடிப்பட்டி ரோட்டுல ஒரு எளநீ கடைக்காரர் போன் குடுத்தார்."

"லாரி சம்பவத்துக்கு அப்புறம் வண்டிய எடுத்தீங்களா?"

"எடுக்காம? அடுத்த வாரமே அலங்காநல்லூர் வரைக்கும் போனேன். எங்கயும் நிக்கல. ஆனா திரும்பி வாரப்ப ஸ்டியரிங்குக்குக் கீழ இருந்து புகை வந்துச்சு. குனிஞ்சு பாத்தா இந்த ஒயர் தொங்குது."

கீழே, வேப்பமர நிழலில் வெளிர்பச்சை ஹெரால்டு நின்றிருந்தது. அனந்தலக்ஷ்மி துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, டார்ச்சோடு ஸ்டியரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்தார். சிவபாண்டி மறுபக்கம் தலையை நுழைத்தான்.

ஒரு சிவப்பு ஒயர் பாம்புக் குட்டிபோலத் தொங்கியது. நுனியில் செம்பு தெரிந்தது, கருகியிருந்தது. அது உரசின இடத்தில் டேஷ்போர்டின் இரும்பும் கறுத்திருந்தது. அனந்தலக்ஷ்மி விரலால் ஒயரைப் பிடித்துக்கொண்டே மேலே போனார். அதன் மறுமுனை ஃபியூஸ் பக்கத்தில் ஒரு பழைய ஒயரோடு சேர்த்து அழகாக ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டு, கறுப்பு டேப் சுற்றப்பட்டிருந்தது.

"இந்த வெள்ளை ஒயரப் பாரு சிவா. சாவியிலருந்து இன்ஜினுக்குக் கரண்ட் கொண்டு போறது இதுதான். நடுவுல வெட்டியிருக்காங்க. அப்புறம் ரெண்டு முனையையும் சும்மா முறுக்கி ஒட்டியிருக்காங்க. எதால ஒட்டியிருக்கு, சொல்லு."

"பார்சல் டேப்பு மேடம். அட்டைப்பெட்டிக்கு ஒட்டுற பழுப்பு டேப்பு."

"ஸ்பீடாமீட்டருக்குப் பின்னாடி கை விட்டுப் பாரு."

சிவபாண்டி தடவிப் பார்த்தான். பல வருஷத் தூசிக்கு நடுவே, தீப்பெட்டி அளவில் ஓர் இடம் மட்டும் சுத்தமாக, பிசுபிசுவென்று ஒட்டியது.

அனந்தலக்ஷ்மி எழுந்து உட்கார்ந்து தூசியைத் தட்டினார். "சீட் கவர் புதுசா இருக்கே?"

"பெருநாளுக்கு ஷாகிர் மாத்திக் குடுத்தான். ரெண்டு நாள் கடையில விட்டு எடுத்துட்டு வந்தான்," என்றார் ஜெயினம்பு. "வண்டி பிடிக்காதுன்னு சொல்லுவானே ஒழிய, எனக்குன்னு பாத்துப் பாத்துச் செய்வான்."

ஜெயினம்பு போனபின் சிவபாண்டி மேஜைமீது தட்டினான். "ஹரிஷங்கர் மேடம்! கோச்சடையில பழைய கார்களா வாங்கி நிப்பாட்டியிருக்காரே, அவர்தான். இந்த ஹெரால்ட கேட்டு ரெண்டு தடவ வீட்டுக்கே வந்திருக்காராம். அம்மா பயந்து வித்துட்டா அவருக்குத்தான லாபம்? இல்லேன்னா மெக்கானிக் மலையாண்டி அவருக்குக் கையாளு."

"போய்ப் பாத்துட்டு வா," என்றார் அனந்தலக்ஷ்மி.

ஹரிஷங்கர் தன் கொட்டகையில் ஒரு பழைய ஜீப்புக்கு அடியில் கிடந்தார். கையெல்லாம் கிரீஸ். விஷயத்தைக் கேட்டதும் கோபத்தோடு வெளியே உருண்டு வந்தார்.

"அந்த வண்டி எனக்கு வேணும்தான். அதுக்காக ஓடுற வண்டியோட ஒயர வெட்டுவேனா? வெட்டின இடத்தப் படம் எடுத்தீங்களா, காட்டுங்க." சிவபாண்டியின் போனைப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். "பார்சல் டேப்பா? இன்ஜின் சூட்டுல இது உருகி ஓடிருமே சார். இப்படி ஒரு வேலை செஞ்சா எனக்கு அன்னைக்குச் சோறு எறங்காது."

மலையாண்டியின் பட்டறை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. "பட்டறைக்கு வந்தா வண்டி கும்முன்னு ஓடுதுண்ணே," என்றார் மலையாண்டி. "பைபாஸ் வரைக்கும் ஓட்டிப் பாத்தேன், ஒரு கொறையும் இல்ல. கார்ப்பரேட்டர், காயில் எல்லாம் பாத்துட்டேன். கொறை தெரியாத வண்டிய வச்சுக்கிட்டு அந்தம்மா ரோட்டுல நிக்கணுமா? அதான் விக்கச் சொன்னேன்."

அதே நேரத்தில் அனந்தலக்ஷ்மி டவுன்ஹால் ரோட்டில் ஷாகிரின் செருப்புக் கடையில் உட்கார்ந்திருந்தார். வெளியூருக்குப் போகவேண்டிய அட்டைப்பெட்டிகள் வாசல்வரை அடுக்கியிருந்தன. ஷாகிர் அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தான். பேசும்போது அவன் கண் கலங்கியது.

"நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க மேடம். அன்னைக்கு நான் போறப்ப பாக்கணுமே... தங்கமயில் மஹாலுக்கு நேரா, நடுரோட்டுல வண்டி. லாரி ஒரு பக்கம் சாய்ஞ்சு கிடக்கு. எங்க அத்தாவ ரோட்டுல இருந்து அள்ளிட்டு வந்தவன் நான். இன்னொரு தடவ என்னால முடியாது."

அவன் பொய்யாக அழவில்லை. அனந்தலக்ஷ்மிக்கு அது நன்றாகவே தெரிந்தது.

மறுநாள் காலை இருவரும் வாடிப்பட்டி ரோட்டுக்குப் போனார்கள். இளநீர்க் கடைக்காரர் அழகுராஜாவுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

"அம்மா என் போன்லதான் பேசுச்சு. 'வாடிப்பட்டிக்கு முன்னாடி, எளநீ கடைகிட்ட நிக்கிறேன்'னு சொல்லுச்சு. அம்புட்டுத்தான்." அவர் காட்டியது பொத்தான் வைத்த சின்ன போன். "எனக்கு ஒரே ஆச்சரியம். இந்த ரோட்டுல எம்புட்டு எளநீ கடை இருக்கு! அந்தத் தம்பி வண்டிய எங்கயும் நிப்பாட்டி விசாரிக்கல. நேரா இங்க வந்து நின்னுச்சு."

"இங்க தங்கமயில் மஹால் எங்க இருக்கு?" என்று கேட்டார் அனந்தலக்ஷ்மி.

"மஹாலா? இங்க ஏது மஹாலு?" அழகுராஜா யோசித்தார். எதிரே சிமெண்ட் மூட்டைகளை இருப்பு வைக்கும் நீளமான கிட்டங்கியைக் கை காட்டினார். "அந்த எடத்துல முந்தி ஒரு கல்யாண மண்டபம் இருந்துச்சு. ரோடு அகலப்படுத்துனப்பவே இடிச்சுட்டாங்க. பேரு கூட இப்ப யாருக்கும் ஞாபகம் இல்ல. நாங்க கிட்டங்கின்னுதான் சொல்லுவோம்."

சிவபாண்டி போனில் தேடிக்கொண்டிருந்தான். "மேடம், இங்க பாருங்க, மேப்புல இன்னும் இருக்கு! தங்கமயில் மஹால். இடிச்சத யாரும் மாத்தல போல." சிரித்தவன், அனந்தலக்ஷ்மியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "என்ன மேடம்?"

"ஊர்ல இல்லாத மண்டபம். மேப்புல மட்டும் இருக்கு. அந்தப் பேர ஒருத்தர் என்கிட்ட நேத்து சொன்னாரு."

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், மகபூப்பாளையம் வீட்டு முற்றத்தில் ஹெரால்டைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். ஹரிஷங்கரும் மலையாண்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஷாகிர் சுவரோரம் நிறுத்தியிருந்த ஸ்கூட்டியில் சாய்ந்திருந்தான். ஃபாயிஸா எல்லோருக்கும் சர்பத் கொடுத்துவிட்டு வாசற்படியில் நின்றுகொண்டாள். ஜெயினம்பு மட்டும் கார்க் கதவைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றார்.

"இந்த ஒயரோட கதை இதுதான்," என்று தொடங்கினார் அனந்தலக்ஷ்மி. "வண்டி மூணு தடவ நின்னுருக்கு. மூணும் வேற வேற ரோடு. ஆனா டவுனுக்குள்ள, எம்புட்டு நெரிசல்ல ஊர்ந்தாலும் ஒரு நாளும் நின்னதில்ல. கோளாறுக்கு எந்த ரோடுன்னு தெரியாது. டவுன் எங்க முடியுதுன்னும் தெரியாது. அப்ப இது கோளாறு இல்ல. ஸ்பீடாமீட்டருக்குப் பின்னாடி ஒரு சின்ன டப்பா ஒட்டியிருந்திருக்கு. வண்டி எங்க போகுதுன்னு போனுக்குச் சொல்ற டப்பா. மேப்புல ஒரு வட்டம் போட்டு வச்சுட்டா, அதத் தாண்டுற நிமிஷத்துல இன்ஜினுக்குப் போற கரண்ட அதுவே நிறுத்திரும். திரும்ப போன்ல ஒரு தட்டு தட்டினா ஓடும். பானெட்டத் தூக்கிப் பாக்க வேண்டிய அவசியமே இல்ல."

ஹரிஷங்கர் "அடப்பாவமே" என்றார்.

"பொருத்தினவன் தொழில் தெரிஞ்சவன். ஈயம் வச்சு, கறுப்பு டேப் சுத்தி, சுத்தமா செஞ்சிருக்கான். பிடுங்கினவருக்குத் தொழில் தெரியாது. வெட்டின முனைய முறுக்கி, பார்சல் டேப்ப ஒட்டிட்டு, கரண்ட் ஓடுற ஒயர அப்படியே தொங்க விட்டுட்டார். மலையாண்டி அண்ணே, நீங்க இப்படிச் செய்வீங்களா?"

"செத்தாலும் செய்ய மாட்டேன்," என்றார் மலையாண்டி.

"ஹரிஷங்கர் சாரும் செய்ய மாட்டார். அப்ப இன்னொரு கேள்வி வருது. ஏன் பிடுங்கணும்? இந்தம்மாவுக்குக் கெடுதல் நெனைக்கிறவரா இருந்தா, லாரி மோத வந்தது அவருக்குச் சந்தோஷம். வண்டிய வாங்க நெனைக்கிறவரா இருந்தா, இன்னொரு தடவ நின்னா வித்துருவாங்கன்னு காத்திருப்பார். ஆனா லாரிக்கு அப்புறம் டப்பா காணாமப் போச்சு. அலங்காநல்லூர் போனப்ப வண்டி நிக்கல. யாரோ பயந்து நடுங்கி அவசரமா பிடுங்கியிருக்காங்க. இந்தம்மா செத்துருவாங்களோன்னு உண்மையிலேயே பயந்த ஒருத்தர்."

அனந்தலக்ஷ்மி காரின் புது சீட் கவரைத் தொட்டுக் காட்டினார்.

"பெருநாளுக்கு ரெண்டு நாள் இந்த வண்டி சீட் கவர் கடையில இருந்துச்சு. அந்த மாதிரிக் கடைகள்ல இந்த டப்பாவும் பொருத்திக் குடுப்பாங்க. பார்சல் டேப் எந்தக் கடையில கைக்கு எட்டுற தூரத்துல இருக்கும்னு நான் சொல்ல வேணாம். ஷாகிர், உங்கம்மா போன்ல எளநீ கடைன்னுதான் சொன்னாங்க. நீங்க என்கிட்ட தங்கமயில் மஹால்னு சொன்னீங்க. அந்த மஹால் இப்ப அங்க இல்ல. போன் மேப்புல மட்டும்தான் இருக்கு. நீங்க ரோட்டப் பாத்து அம்மாகிட்ட போகல. புள்ளியப் பாத்துப் போனீங்க."

ஷாகிர் எதையும் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"மெதுவா நிக்கும்னுதான் கடையில சொன்னாங்க. ஓடிக்கிட்டு இருக்கிறப்ப டக்குனு நிக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. ரெண்டு தடவ நடுவழியில நின்னா நீங்களே விட்டுருவீங்கன்னு நெனச்சேன். அத்தா மாதிரி உங்களையும்..." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஜமாத்துல ஆளாளுக்குக் கேக்குறாங்க. 'உங்கம்மா தனியா எங்க சுத்துறாங்க'ன்னு. நான் என்ன பதில் சொல்றது?"

ஜெயினம்பு மகனுக்கு அருகில் வந்தார். அவர் அடிக்கப் போகிறார் என்று சிவபாண்டி நினைத்தான். அவர் கை ஓங்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"உங்க அத்தா போனப்ப நானும்தான் அழுதேன். எனக்கும் பயம் இருந்துச்சு. அந்தப் பயத்த வச்சுக்கிட்டுத்தான் ஓட்டக் கத்துக்கிட்டேன். உன் பயம் உன்னோடது ஷாகிர். அத என் வண்டியில ஒட்டி வைக்காத."

"அம்மா..."

"அந்த லாரிக்காரன் யாரோ பெத்த புள்ள. அவன் செத்திருந்தா யார்கிட்ட போய்ச் சொல்லுவ? ஜமாத்துல கேட்டாங்கன்னா, நாளைக்கு நீயே போய்ச் சொல்லு. வண்டியில கோளாறு இல்ல, நான்தான் நிறுத்துனேன்னு. சொந்தக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் சொல்லு. கிழவி ஓட்டத் தெரியாம ஓட்டுறான்னு ஒருத்தன் வாயிலயும் வரக்கூடாது."

"இதுக்கு போலீஸ்ல புகார் கொடுக்கலாம்," என்றார் அனந்தலக்ஷ்மி. "முடிவு உங்களோடது."

ஜெயினம்பு மகனிடம் கையை நீட்டினார். "டப்பா எங்க?"

ஷாகிர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அதை இத்தனை நாளும் கூடவே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். தூக்கிப் போடவும் பயம்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா," என்று அதை அனந்தலக்ஷ்மியின் கையில் வைத்தார் ஜெயினம்பு. "சொன்னபடி செய்றானான்னு பாக்குறேன். செய்யலேன்னா நானே ஸ்டேஷனுக்கு வாரேன்."

மலையாண்டி தலையைச் சொறிந்துகொண்டே கருவிப் பையைத் திறந்து, அந்தச் சிவப்பு ஒயரை அகற்றக் குனிந்தார். வழக்கு முடிந்தது என்று நினைத்த சிவபாண்டி காலி டம்ளரை வைக்கத் திரும்பினான். அப்போதுதான் வாசற்படியிலிருந்து, அன்று முதல்முறையாக, ஃபாயிஸாவின் குரல் கேட்டது.

"என் ஸ்கூட்டியிலயும் இருக்கா?"

ஷாகிர் நிமிர்ந்து பார்த்தான். சாய்ந்திருந்த ஸ்கூட்டியிலிருந்து தன்னையறியாமல் விலகி நின்றான்.

"அன்னைக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்தப்ப, பாத்திமா கடையில ஏன் இம்புட்டு நேரம் நின்னேன்னு கேட்டீங்க. நான் அங்க போனத உங்ககிட்ட சொல்லவே இல்ல." அவள் படியிறங்கி வந்தாள். "இருக்கா, இல்லையா?"

"ஃபாயிஸா, உள்ள போய்ப் பேசுவோம்," என்றான் ஷாகிர் மெதுவாக.

"நான் உள்ள வரல. இங்கயே சொல்லுங்க."

அனந்தலக்ஷ்மிக்கு இது எதிர்பாராத கேள்வி. அந்த ஸ்கூட்டியைத் தான் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே என்று அவருக்கு உறைத்தது. டார்ச்சைக் கையில் எடுத்தபடி முன்னால் வந்தார். ஜெயினம்பு கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க வேணாம்மா." மலையாண்டியின் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து மகனிடம் நீட்டினார். "வச்சவன் நீ. நீயே கழட்டு. அவ கண்ணு முன்னாடி கழட்டு."

ஷாகிர் அதை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டி முன்னால் மண்டியிட்டான். முதல் திருகாணி கையிலிருந்து நழுவி முற்றத்தில் உருண்டது. சிவபாண்டி எடுத்துக் கொடுக்கக் குனிந்தான். அனந்தலக்ஷ்மி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். ஷாகிரே தவழ்ந்துபோய் அதைத் தேடி எடுத்தான்.

முன்பக்கத்து மூடியைக் கழற்றியதும், உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அது வெளியே வந்து விளக்கு அணையும்வரை ஃபாயிஸா அசையவில்லை. பிறகு ஸ்கூட்டியின் மூடியை அவளே திரும்பப் பொருத்தினாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"மாமி, கேட்டத் தொறங்க," என்றாள்.

ஜெயினம்பு இரும்புக் கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டார். ஸ்கூட்டி தெருவில் இறங்கி, முனையில் திரும்பி மறைந்தது. எங்கே போகிறாள் என்று அந்த முற்றத்தில் நின்ற ஒருவரும் கேட்கவில்லை.